குவெரியின் பாதி செஷனில் இருக்கிறது

ஓசூர் சிப்காட்டில் தொடங்கி, மத்திகிரி கூட்ரோட்டைச் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் ஷெட்டுகள் வழியாக, அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் டேட்டாபேஸை நம்பிப் பிழைக்கிறவர்கள் நடுவே ஒரு கருத்து கெட்டியாக வேரூன்றியிருக்கிறது. குவெரி சரியாக இருந்தால் விடையும் சரியாக வரும் என்பார்கள். போஸ்ட்கிரெஸின் பிஎஸ்க்யூஎல், ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ், மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் போன்றவற்றைத் திறந்ததும் செய்துகொள்ளும் செஷன் அமைப்புகள் அவரவர் கண்ணுக்கும் கைக்கும் வசதியானவை, அவ்வளவுதான். நிறம் மாற்றுவது, கட்டம் போடுவது, நேரம் காட்டச் சொல்வது மாதிரி. கை பழகியவனுக்கு டீஃபால்ட் போதும், செட்டிங்ஸோடு மல்லுக்கட்டுவது புதுசாக வந்தவர்கள் வேலை. இண்டர்வியூவில் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்தக் கருத்து தவறு. இதனால் தொழிற்சாலைகளில் தினமும் தவறான எண்கள் சரியான எண்கள் போலவே கை மாறிக்கொண்டிருக்கின்றன. நேர மண்டலம் எது, தேதியில் முதலில் வருவது நாளா மாதமா, எழுத்துக் குறியாக்கம் எது, கமிட் எப்போது நடக்கும் என்ற நான்கும் தெரியாமல் ஒரு குவெரிக்கு முழுப் பொருள் கிடையாது. இந்த நான்கும் குவெரியின் வரிகளில் இல்லை. செஷனில் இருக்கின்றன.

நேரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், இந்த வட்டாரத்தில் அதிகம் கெடுப்பது அதுதான். மத்திகிரிப் பக்கம் மூன்று ஷிஃப்ட் ஓடும் ஒரு சிஎன்சி ஷெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணியிலிருந்து 2 வரை, 2 மணியிலிருந்து இரவு 10 வரை, 10 மணியிலிருந்து மறுநாள் காலை 6 வரை. அவர்களுக்கு உற்பத்தி நாள் என்பது காலை 6 மணிக்குப் பிறந்து மறுநாள் 6 மணிக்கு முடிகிறது. ஒவ்வொரு பீஸும் முடியும் நேரம் நேர மண்டலத்தோடு சேர்த்துப் போஸ்ட்கிரெஸில் பதிவாகிறது. சர்வர் கிளவுடில் இருக்கிறது. அங்கே செஷன் நேரம் யூடிசி, யாரும் மாற்றவில்லை. நாள்வாரியாக எத்தனை பீஸ் என்று ஒரு எளிய குவெரி. இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

யூடிசியில் நள்ளிரவு என்பது நமக்குக் காலை 5:30. ஆக அந்தக் குவெரி நாளைக் காலை 5:30-க்கு வெட்டுகிறது. உற்பத்தி நாளோ 6 மணிக்கு முடிகிறது. மூன்றாவது ஷிஃப்டின் கடைசி அரை மணி நேரம் மட்டும் அடுத்த நாள் கணக்கில் விழுகிறது. இதில் ஆபத்து, தவறு பெரிதாக இல்லை என்பதுதான். தினமும் அரை மணி நேரம் போகிறது, முந்தைய நாளின் அரை மணி நேரம் வந்து சேர்கிறது. வாரக் கூட்டல் ஏறக்குறைய ஒத்துப்போகும். மேலாளர் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். ஆறு மணி நேரம் தப்பினால் முதல் நாளே பிடித்துவிடுவோம். அரை மணி நேரத் தப்பு வருடக்கணக்கில் வாழும்.

அது வெளியே தெரியும் இடம் ஒன்று உண்டு. சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் ஞாயிறு காலை 6 மணிக்கு முடிகிறது, ஞாயிறு விடுமுறை. ஆனால் ரிப்போர்ட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகச் சின்னதாக ஒரு எண் நிற்கும். விடுமுறை நாளில் யார் உற்பத்தி செய்தது? டெஸ்ட் எண்ட்ரியாக இருக்கும் என்று அதை ரிப்போர்ட்டிலிருந்து விலக்கி வைப்பார்கள். விலக்கப்பட்டவை சனிக்கிழமை இரவு முழுக்க நின்று வேலை செய்தவர்கள் கடைசி அரை மணி நேரத்தில் முடித்த பீஸ்கள். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவர் என்றால் அது அவருடைய கூலி. நிதியாண்டு மாறும்போது மார்ச் 31 இரவு ஷிஃப்டின் வாலும் இப்படித்தான் ஏப்ரல் 1-க்குள் நுழைகிறது.

இதே குவெரியை ஆஃபீஸில் ஒருவர் தன் லேப்டாப்பிலிருந்து டிபீவரில் ஓட்டுகிறார். டிபீவர் ஜாவாவில் எழுதப்பட்டது. போஸ்ட்கிரெஸின் ஜாவா டிரைவர் இணையும்போதே லேப்டாப்பின் நேர மண்டலத்தை, அதாவது ஏஷியா கொல்கத்தாவை, செஷனில் வைத்துவிடுகிறது. இப்போது நாள் நம் நள்ளிரவில் வெட்டப்படுகிறது. நைட் ஷிஃப்டின் ஆறு மணி நேரம் மறுநாளுக்குப் போய்விடுகிறது. குவெரியில் ஒரு எழுத்து மாறவில்லை, டேட்டாவில் ஒரு வரி மாறவில்லை, இரண்டு விடைகள்; இரண்டுமே தவறு. நேர மண்டலத்தைக் குவெரியிலேயே ஏஷியா கொல்கத்தா என்று பெயர் சொல்லி வைத்து, ஆறு மணி நேரத்தைக் கழித்து, பிறகு தேதியை எடுத்தால்தான் அந்த ஷெட்டின் கணக்கு வரும். குவெரி சரி என்றால் விடை சரி என்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணில் எது சரி என்று சொல்லட்டும்.

மண்டலத்தின் பெயரைச் சுருக்கி ஐஎஸ்டி என்று எழுதினால் போதாதா? போஸ்ட்கிரெஸில் சுருக்கங்களின் டீஃபால்ட் பட்டியலில் ஐஎஸ்டி என்பது இஸ்ரேல் நேரம், யூடிசியிலிருந்து இரண்டு மணி நேரம். காலை 6:00 ஐஎஸ்டி என்று எழுதிய நேரம் உள்ளே போய் நம் ஊர் 9:30 ஆகிவிடும். இந்தியாவுக்கென்று தனிச் சுருக்கப் பட்டியல் ஒன்றைப் போஸ்ட்கிரெஸ் கூடவே தருகிறது. செஷனில் அதைத் தேர்ந்தெடுத்தால் ஐஎஸ்டி நம் நேரமாகும். 18-ஆம் பதிப்பிலிருந்து, செஷனின் நேர மண்டலம் சுருக்கத்துக்கு என்ன பொருள் தருகிறது என்று போஸ்ட்கிரெஸ் முதலில் பார்க்கிறது. எந்தப் பதிப்பானாலும் அந்த மூன்றெழுத்தின் பொருளைத் தீர்மானிப்பது செஷன்தான்.

தேதிக்கு வருவோம். போஸ்ட்கிரெஸை அமெரிக்க ஆங்கில லொக்கேலில் நிறுவியிருந்தால் 03/04/2024 என்பது மார்ச் 4. நமக்கு அது ஏப்ரல் 3. டெலிவரி சலானிலிருந்து பார்த்து அடிக்கிற ஸ்டோர்ஸ் பையன் நம் வழக்கப்படிதான் அடிப்பான். 13-ஆம் தேதி முதல் எரர் வரும், ஏனென்றால் 13-ஆவது மாதம் இல்லை. 12-ஆம் தேதி வரைக்கும் எரர் வராது. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் தேதிகளைத் தவிர மற்ற எல்லாம் சத்தமில்லாமல் இடம் மாறும். வருடத்தில் 132 தேதிகள் இப்படிப்பட்டவை. 13-ஆம் தேதி எரர் வந்ததும் அந்தத் தேதியை மட்டும் மாற்றி அடித்துவிட்டு, ‘இப்போ ஏத்துக்குது’ என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் உள்ளே போன பன்னிரண்டு நாட்கள் அப்படியே கிடக்கின்றன. தேதி வரிசையை நாள் முதல் என்று வைக்கும் ஒரே ஒரு செஷன் வரி இதைத் தடுத்திருக்கும்.

அடுத்த வாதம்: சரி, தேதி நேரம் போகட்டும், மற்றதெல்லாம் தோற்றம்தானே என்பார்கள். தோற்றத்தைப் பார்த்துத்தான் மனிதர் முடிவெடுக்கிறார். எஸ்க்யூஎல் பிளஸ் எண்ணுக்கு டீஃபால்டாக ஒதுக்கும் அகலம் 10. இ-வே பில் எண்ணுக்கு 12 இலக்கம். அதை எண் வகை நெடுவரிசையில் சேமித்திருந்தால், திரையில் நான்கு தசமத்துக்குச் சுருங்கி, பத்தின் பதினொன்றாம் அடுக்காகத் தெரியும். அடுத்தடுத்துப் போட்ட பில்கள் எல்லாம் ஒரே எண் போல நிற்கும். ஜுஜுவாடி தாண்டி கர்நாடகத்துக்குள் போன வண்டியை அங்கே நிறுத்தி, டிரைவர் போன் செய்து எண் கேட்கும்போது, அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது?

பிஎஸ்க்யூஎல் டீஃபால்டில் நல் என்ற மதிப்பின்மையையும் வெற்றுச் சரத்தையும் ஒரே மாதிரி காலியாகக் காட்டும். எல்லையோர ஊரில் சப்ளையர் பட்டியலில் 33-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும், 29-இல் தொடங்கும் எண்ணும் இருக்கும், பதிவே செய்யாத சின்ன ஆட்களும் இருப்பார்கள். காலியாகத் தெரிகிற இடம் பதிவில்லாதவரா, எண்ணைக் கேட்டு வாங்காமல் விட்டவரா? வெற்றுச் சரத்துக்குச் சமமானவற்றை எடு என்றால் நல் ஒன்றும் வராது. நல் வரும் இடத்தில் ஒரு குறியைக் காட்டச் சொல்வது ஒரே வரி. அதை அலங்காரம் என்கிறவர்களை எனக்குப் புரியவில்லை.

எழுத்துக் குறியாக்கம் இன்னும் மோசம். இங்கே மஸ்டர் ரோலில் தமிழ்ப் பெயரும் தெலுங்குப் பெயரும் கன்னடப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. மத்திகிரி என்ற பெயருக்கு யூனிகோடில் 9 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 27 பைட். ஆரக்கிளில் 20 அளவுள்ள எழுத்து நெடுவரிசை என்றால் டீஃபால்டில் அது 20 பைட்; ஊர்ப் பெயரே அதற்குள் அடங்காது, எரர் வரும். டேபிளை உருவாக்கும் செஷனில் நீளத்தை எழுத்தால் அளக்கச் சொல்லியிருந்தால் அடங்கியிருக்கும். எரர் வருவதாவது நல்லது. மைஎஸ்க்யூஎல்லில் கிளையன்ட் அனுப்புவது யூடிஎஃப்-8 ஆகவும், செஷன் தன்னை லத்தீன்-1 என்று சொல்லிக்கொண்டும் இருந்தால், ஒவ்வொரு பைட்டும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக உள்ளே போய் உட்காரும். அதே தவறான செஷனில் படித்தால் பெயர் அழகாகத் தமிழில் தெரியும். சரியான செஷனோடு ஒருவர் வந்து திறக்கும் நாளில்தான் குப்பை தெரியும். அன்றைக்குப் பழி, சரியாக அமைத்துக்கொண்டு வந்தவர் தலையில் விழும். மைஎஸ்க்யூஎல் தன் டீஃபால்டை நான்கு பைட் யூடிஎஃப்-8க்கு மாற்றியது 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான். அதற்கு முன் டீஃபால்டை நம்பியவர்கள் சேர்த்து வைத்த பெயர்கள் இன்னும் பல சர்வர்களில் இருக்கின்றன.

எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு. ‘உன் லேப்டாப்பில் எல்லாப் பாதுகாப்பும் வைத்துப் பழகிவிட்டு, நடுராத்திரியில் வேறொரு சர்வரில் வெறும் ப்ராம்ப்ட் முன்னால் உட்கார்ந்தால் என்ன செய்வாய்? பழக்கமே உன்னைக் கவிழ்க்கும்’ என்கிறார்கள். உண்மைதான். பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்து வேர் கிளாஸ் இல்லாத டெலீட் அடிப்பது, பாதுகாப்பு இல்லை என்று தெரிந்து அடிப்பதைவிட ஆபத்து. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, அமைப்புகளை ஒருவருடைய ஹோம் ஃபோல்டரில் ஒளித்து வைக்காதே என்பதுதான். அமைப்புகளே வேண்டாம் என்பதல்ல. போஸ்ட்கிரெஸில் யூசரோடு சேர்த்தே செஷன் மதிப்புகளை ஆல்டர் ரோல் மூலம் வைக்கலாம். எந்த லேப்டாப்பிலிருந்து வந்தாலும் கூடவே வரும். எஸ்க்யூஎல் பிளஸில் எல்லோருக்கும் பொதுவான ஜிலாகின் ஃபைல் இருக்கிறது. இவை தெரியாமல், தனிமனிதப் பழக்கத்தின் குறையைக் காட்டி மொத்த ஒழுங்கையும் தள்ளுகிறார்கள். ஜாவா டிரைவர் அனுப்பும் நேர மண்டலம் ஆல்டர் ரோலில் வைத்ததை மீறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் ரிப்போர்ட் குவெரிக்குள்ளேயே மண்டலத்தை எழுதச் சொல்கிறேன்.

ப்ராம்ப்ட் பற்றி. எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், எந்த யூசர் என்று ப்ராம்ப்ட்டில் காட்டுவதை வெட்டி வேலை என்கிறவர்கள் 2017 ஜனவரி 31-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கிட்லாப் நிறுவனத்தில் இரவு வேலையில் இருந்த பொறியாளர், இரண்டாவது டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி போய்விட்டது. எடுத்து வைத்திருந்த பேக்கப் வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன; ஆறு மணி நேர டேட்டா திரும்பவில்லை. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். திருத்த வேண்டியவற்றின் பட்டியலில், எந்த சர்வரில் இருக்கிறோம் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டும்படி ப்ராம்ப்ட்டை மாற்றுவதும் இருந்தது. அழித்தது ஷெல் கட்டளை, எஸ்க்யூஎல் அல்ல. ஆனால் குழப்பம் அதே குழப்பம்தான். களைத்துப்போன கண்ணுக்கு முன்னால் இரண்டு திரைகள் ஒரே மாதிரி இருந்தன. லாரி ஏறும் முன் எடைமேடையில் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறவரை யாரும் தொழில் தெரியாதவர் என்று சொல்வதில்லை.

இந்தத் துறையில் கவனமாக இருப்பவரைக் கேவலப்படுத்தும் பழக்கம் கருவிக்குள்ளேயே ஏறியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல் கிளையன்டில் சேஃப் அப்டேட்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. கீ இல்லாத, லிமிட்டும் இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் மறுத்துவிடும். அதற்கு வைத்த இன்னொரு பெயர் ‘ஐ ஆம் எ டம்மி’. இந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத் தன்மானம் உள்ள எந்த இளைஞன் அதைப் போட்டுக்கொள்வான்? ஒரு வேர் கிளாஸ் விடுபட்டதால் விடிய விடிய பேக்கப்பைத் தேடியவர்களிடம் கேட்டால் இந்தப் பெயரின் விலை தெரியும்.

அதற்காக அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லவில்லை. சேஃப் அப்டேட்ஸ் போட்டதும் செலக்ட்டின் விடையும் 1000 வரியோடு நின்றுவிடும். ஸ்டாக் பட்டியலில் 1400 ஐட்டம் இருக்க, ஆயிரத்தை மட்டும் எக்செலில் ஒட்டி அனுப்பிவிட்டு முழுப் பட்டியல் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். எந்த அமைப்பைத் தொட்டாலும் அதோடு என்ன வருகிறது என்று படித்துவிட்டுத் தொட வேண்டும். டீஃபால்டுக்கும் அதே விதிதான். அதுவும் யாரோ எடுத்த முடிவு, நம்முடைய ஷிஃப்டையும் நம்முடைய தேதியையும் மனதில் வைத்து எடுக்காத முடிவு.

கமிட் விஷயத்தில் டீஃபால்டை நம்புவது இன்னும் விபரீதம், ஏனென்றால் கருவிக்குக் கருவி அது வேறு. பிஎஸ்க்யூஎல் ஒவ்வொரு கட்டளையையும் உடனே கமிட் செய்யும். எஸ்க்யூஎல் பிளஸ் செய்யாது. ஆனால் எக்ஸிட் அடித்து வெளியே வந்தால் நிலுவையில் உள்ளதைக் கமிட் செய்துவிட்டுத்தான் போகும். பிஎஸ்க்யூஎல்லில் ஆட்டோகமிட்டை அணைத்துவிட்டு வெளியே வந்தால் எல்லாம் ரோல்பேக். தப்பாக அடித்துவிட்டோம், அப்படியே வெளியே போய்விடலாம் என்ற ஒரே கைப்பழக்கம், ஓரிடத்தில் காப்பாற்றும், மறு இடத்தில் தப்பை நிரந்தரமாக்கும். இரண்டு கம்பெனிக்கு வேலை செய்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

ஆட்டோகமிட்டை அணைத்து வைப்பதே பத்திரம் என்று சொல்லும் செட்டிங்ஸ் பிரியர்களோடும் எனக்கு ஒத்துவராது. ஒரு அப்டேட்டை அடித்துவிட்டுக் கமிட் செய்யாமல் டீக்கடைக்குப் போனால், அந்த வரிகள் பூட்டியே கிடக்கும். டிஸ்பாட்ச் திரையில் இன்வாய்ஸ் சுற்றிக்கொண்டே நிற்கும், கேட்டில் வண்டி நிற்கும். தேவைப்படும்போது பிகின் அடித்துத் தொடங்குவதும், டிரான்சாக்‌ஷனுக்குள் இருப்பதை ப்ராம்ப்ட்டிலேயே நட்சத்திரக் குறியாகப் பார்ப்பதும், திறந்தபடி சும்மா கிடக்கும் டிரான்சாக்‌ஷனைச் சில நிமிடத்தில் சர்வரே துண்டிக்கும்படி ஒரு காலக்கெடு வைப்பதும் என் தேர்வு. அந்தக் காலக்கெடு போஸ்ட்கிரெஸில் 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

‘நான் ஓட்டிப் பார்த்தேன், வேகமாகத்தான் வருது, அப்ளிகேஷனில்தான் கோளாறு’ என்ற வசனத்துக்கும் செஷனில்தான் பதில். எஸ்க்யூஎல் சர்வரின் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ ஆரித்அபார்ட் என்ற செஷன் அமைப்பை ஆன் செய்து இணைகிறது. டாட்நெட் அப்ளிகேஷன்கள் ஆஃபில் இணைகின்றன. அமைப்பு வேறானால் சர்வர் சேமித்து வைக்கும் பிளானும் வேறு. ஒரே ப்ரொசீஜர் ஒரு பக்கம் பறக்கும், மறுபக்கம் தவழும். இதனால் டெவலப்பரும் டிபிஏவும் ஒருவரையொருவர் சந்தேகித்து இழந்த நாட்கள் கொஞ்சமல்ல.

செஷன் அமைப்புகளை மாற்றினால் ஸ்கிரிப்ட் கெட்டுவிடும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. 9.6 முதல் பிஎஸ்க்யூஎல் ஒற்றைக் கட்டளையாக ஓடும்போதும் ஹோம் ஃபோல்டரில் உள்ள ஆர்சி என்ற அமைப்பு ஃபைலைப் படிக்கிறது. நேரம் காட்டும் வரி ரிப்போர்ட்டுக்குள் புகுந்துவிடும். அதற்கு மருந்து பெரிய எக்ஸ் என்ற ஒற்றை ஆப்ஷன், அந்த ஃபைலைப் படிக்காதே என்று சொல்லும். மறுபக்கம், டீஃபால்டில் விட்ட ஸ்கிரிப்ட் நடுவில் எரர் வந்தாலும் நிற்காமல் கடைசி வரை ஓடி, எல்லாம் நலம் என்று பூஜ்யத்தைத் திருப்பும். ஆன் எரர் ஸ்டாப்பைப் போட்டால் நின்று 3 என்று சொல்லும். இரவு பேட்ச் பாதியில் முறிந்ததைக் காலை மீட்டிங்கில் தெரிந்துகொள்ள வேண்டுமா, அப்போதே தெரிய வேண்டுமா?

இப்போதெல்லாம் ஏஐ குவெரி எழுதித் தருகிறதே என்றும் சொல்கிறார்கள். அது எழுதித் தரும் வரிகளும் உங்கள் செஷனில்தான் ஓடும். உங்கள் நைட் ஷிஃப்ட் எப்போது முடிகிறது என்று நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது.

கடைசியாக, சின்ன யூனிட்டுக்கு இவ்வளவு எதற்கு என்ற கேள்வி. பெரிய கம்பெனியில் ஒரு எண்ணை நான்கு பேர் சரிபார்க்கிறார்கள். மத்திகிரிப் பக்கத்து ஷெட்டில் ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், டேட்டாபேஸ் மூன்றையும் ஒரே ஆள் பார்க்கிறார். அவர் அனுப்பும் எண்ணை வைத்துப் பெரிய கம்பெனி அந்த யூனிட்டுக்கு ரேட்டிங் போடுகிறது, டெலிவரி தாமதம் என்று டெபிட் நோட் அனுப்புகிறது. அவருக்குப் பின்னால் சரிபார்க்க யாருமில்லை. ரிப்போர்ட்டுக்கென்று ஒரு தனி யூசர், எழுத அனுமதி இல்லாமல். அந்த யூசரோடு நேர மண்டலமும் தேதி வரிசையும் குவெரிக் காலக்கெடுவும். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் குறியாக்கத்தையும் எரர் வந்தால் நிற்பதையும் சொல்லும் இரண்டு வரிகள். ப்ராம்ப்ட்டில் சர்வரின் பெயர். ஒரு மதிய வேளையில் முடிகிற வேலை. ஓசூரில் டேட்டாபேஸ் சொல்லித்தரும் பயிற்சி நிலையங்கள் செலக்ட் பாடத்துக்கு முன்னால் இதை வைக்க வேண்டும், ஆள் எடுக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும், ரிப்போர்ட் வாங்குகிற மேலாளர் எண்ணோடு சேர்த்து அது எந்த செஷன் அமைப்பில் எடுக்கப்பட்டது என்ற நான்கு வரிகளையும் கேட்டு வாங்க வேண்டும்.